இறுதியாட்டத்தில் கைநழுவும் புள்ளிகள்: செஸ் ஆட்டக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2024 டிசம்பர் 12. சிங்கப்பூரில் உலக சாம்பியன் போட்டியின் 14ஆவது, கடைசி ஆட்டம். இருவரும் தலா 6.5 புள்ளிகள். சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் கருப்புக் காய்களுடன் ஒரு சிப்பாய் கூடுதலாக வைத்திருந்தார். ஆனால் இருபுறமும் ஒரு யானையும் ஒரு பிஷப்பும் இருந்ததால் அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் பொறுமையாகக் காத்தாலே ஆட்டம் டிராவில் முடிந்திருக்கும். 55ஆவது நகர்த்தலில் டிங் தன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து, யானைக்கு யானை மாற்றிக்கொள்ள முன்வந்தார். குகேஷ் வெட்டினார். அடுத்து தன் பிஷப்பை டி5இல் நிறுத்தினார். டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் இருந்தது. அந்த மூலைவிட்டத்திலிருந்து வெளியேற அதற்கு வழியே இல்லை. பிஷப்புகளும் வெட்டுப்பட்டன. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சிய நிலையில் அந்த ஒற்றைச் சிப்பாய் போதுமானதாகிவிட்டது. 58ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, உலகப் பட்டமும் கைமாறியது.

உலக சாம்பியனுக்கே நேர்ந்த இந்தத் தவறுதான் மாவட்டப் போட்டிகளிலும் பள்ளிப் போட்டிகளிலும் மேசைக்கு மேசை நடக்கிறது. இறுதியாட்டத்தில், அதாவது பெரும்பாலான காய்கள் வெட்டுப்பட்டுச் சில காய்களே மிஞ்சிய கட்டத்தில், இழக்கப்படும் புள்ளிகளில் பெரும்பகுதி அறியாமையால் போவதில்லை, திரும்பப் பெற முடியாத ஒரு முடிவை யோசிக்காமல் எடுப்பதால் போகிறது என்பது என் உறுதியான எண்ணம். சதுரங்கத்தில் அப்படிப்பட்ட முடிவுகள் இரண்டு வகை. ஒன்று, காய்களை மாற்றிக்கொள்வது. மற்றொன்று, சிப்பாயை முன்னே தள்ளுவது. குதிரை தவறான கட்டத்துக்குப் போனால் திரும்பி வரலாம். வெட்டுப்பட்ட யானை திரும்பாது, சிப்பாயும் பின்வாங்காது.

காய் மாற்றம்: கணக்குப் போடாமல் வெட்டுவது

நெருக்கடியில் இருக்கும் ஆட்டக்காரர் காய்களைக் குறைத்தால் ஆபத்தும் குறையும் என்று நம்புகிறார். ராணி இருக்கும்போது அந்த நம்பிக்கையில் ஓரளவு நியாயம் உண்டு. இறுதியாட்டத்தில் அது பெரும்பாலும் தலைகீழ். ஒரு சிப்பாய் பின்தங்கியிருப்பவர் காய்களை அல்ல, சிப்பாய்களைத்தான் மாற்றிக் குறைக்க வேண்டும். முன்னிலையில் இருப்பவருக்கு இதன் மறுபக்கம்: காய்களை மாற்றலாம், சிப்பாய்களைக் காப்பாற்ற வேண்டும். பலகையில் சிப்பாயே இல்லாவிட்டால் ஒரு பிஷப் கூடுதலாக இருந்தும் பயனில்லை.

எந்த வகை இறுதியாட்டம் எவ்வளவு தாங்கும் என்ற மதிப்பீடும் வேண்டும். ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் இருக்கும் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதல் என்பது பெரும்பாலும் வெற்றி. யானைகள் இருந்தால் கதையே வேறு. ஒரே பக்கத்தில் நான்கு சிப்பாய்களுக்கு எதிராக மூன்று என்றாலும் சரியாகக் காத்தால் டிரா. ஆகவே யானைகளை மாற்றிக்கொள்ளும் கணம்தான் மிக ஆபத்தான கணம். அதற்கு முன் மிச்சமிருக்கும் நேரத்தில் பெரும்பங்கைச் செலவிடத் தயங்க வேண்டாம். அடுத்து வரப்போகும் ராஜா–சிப்பாய் ஆட்டத்தைக் கடைசி நகர்த்தல் வரை எண்ணிப் பார்த்த பிறகே வெட்ட வேண்டும். பாதிவழி எண்ணிவிட்டு ‘டிராவாகத்தான் இருக்கும்’ என்று நிறுத்துவது எண்ணாமல் இருப்பதற்குச் சமம்.

பிஷப்புகளிலும் ஒரு பொறி உண்டு. ஒருவரிடம் வெள்ளைக் கட்ட பிஷப்பும் மற்றவரிடம் கருப்புக் கட்ட பிஷப்பும் மட்டும் மிஞ்சினால், இரண்டு சிப்பாய்கள் கூடுதலாக இருந்தும் பல வேளைகளில் வெல்ல முடியாது. வெல்ல நினைப்பவர் அந்த வகை ஆட்டத்துக்குள் அலட்சியமாக நுழைகிறார். காக்க வேண்டியவர் அதைத் தேடிப் போக மறந்துவிடுகிறார். இரண்டுமே தவறு. அதேபோல, ஓரத்துச் சிப்பாய் ராணியாகும் கட்டம் உங்கள் பிஷப்பின் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையின் எச் சிப்பாய் எச்8இல் ராணியாக வேண்டும்; அது கருப்புக் கட்டம். வெள்ளைக் கட்ட பிஷப் வைத்திருப்பவரால், எதிரி ராஜா அந்த மூலைக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், அவரை வெளியே துரத்தவே முடியாது. ஒரு பிஷப்பும் ஒரு சிப்பாயும் கூடுதலாக இருந்தும் டிரா!

சிப்பாயை ராஜாவுக்கு முன்னே ஓடவிடுவது

தொடக்க நிலை ஆட்டக்காரர்களிடம் அதிகம் பார்க்கும் தவறு இதுதான். சிப்பாய் ராணியாக வேண்டும் என்ற ஆவலில் அதையே தள்ளிக்கொண்டு போகிறார்கள். முன்னே போக வேண்டியது ராஜா.

ஓர் எளிய நிலையை வைத்துப் பாருங்கள். வெள்ளை ராஜா இ4, வெள்ளைச் சிப்பாய் இ2, கருப்பு ராஜா இ6. வெள்ளை நகர்த்த வேண்டும். இரண்டு ராஜாக்களும் ஒரு கட்ட இடைவெளியில் நேருக்கு நேர் நிற்கிறார்கள். யார் நகர வேண்டியிருக்கிறதோ அவர் வழிவிட்டாக வேண்டும். வெள்ளை சிப்பாயை இ3க்கு ஒரு கட்டம் மட்டும் நகர்த்துகிறது. இப்போது முறை கருப்புக்கு வந்துவிட்டது. கருப்பு ராஜா எந்தப் பக்கம் ஒதுங்கினாலும் வெள்ளை ராஜா மறுபக்கமாக முன்னேறும். வெற்றி உறுதி. அதே நிலையில் சிப்பாய் ஏற்கெனவே இ3இல் இருந்து, வெள்ளை நகர்த்த வேண்டியிருந்தால்? டிரா. வித்தியாசம் ஒரே ஒரு சிப்பாய் நகர்த்தல். பத்து நகர்த்தல்களுக்கு முன்பு ‘சும்மா’ தள்ளிய அந்தச் சிப்பாய்தான் அரைப்புள்ளியைக் கொண்டுபோயிருக்கிறது. சேமித்து வைத்த சிப்பாய் நகர்த்தல்கள் இறுதியாட்டத்தில் பணத்துக்குச் சமம். வேறு எதுவும் செய்ய முடியாத நெருக்கடி வரும் நாளில்தான் அவற்றை எடுக்க வேண்டும்.

இதோடு சேர்த்து மனத்தில் வைக்க வேண்டிய இன்னொன்று: ஓரத்துச் சிப்பாய் அல்லாத ஒற்றைச் சிப்பாய், ராஜாவின் துணையோடு ஆறாவது வரிசையிலிருந்து ஏழாவது வரிசைக்குப் போகும்போது செக் கொடுக்காமல் போக வேண்டும். வெள்ளை ராஜா டி6, சிப்பாய் இ6, கருப்பு ராஜா இ8 என்று இருந்து வெள்ளை நகர்த்தினால், இ7 வெல்லும். கருப்பு ராஜா டி8இல் நின்றால் அதே இ7 செக் ஆகிறது; ராஜா இ8க்கு வந்துவிடும்; பிறகு சிப்பாயைக் காக்க வெள்ளை ராஜா இ6க்கு வந்தால் ஸ்டேல்மேட்: செக் இல்லை, ஆனால் கருப்புக்கு நகர வழியும் இல்லை, எனவே டிரா.

ராஜாவை வீட்டிலேயே வைத்திருப்பது

ராணிகள் வெளியேறிய பிறகும் ராஜாவைக் கோட்டைக்குள் பூட்டி வைப்பது ஓப்பனிங்கில், அதாவது ஆட்டத்தின் தொடக்கத்தில், ஊறிய பழக்கத்தின் மிச்சம். இறுதியாட்டத்தில் ராஜா ஒரு போர்வீரன். 1924 நியூயார்க் போட்டியில் அப்போதைய உலக சாம்பியன் காபாபிளாங்கா, தார்தகோவருக்கு எதிராகச் செய்ததை ஒவ்வொரு மாணவரும் பலகையில் வைத்துப் பார்க்க வேண்டும். 35ஆவது நகர்த்தலில் ராஜாவை ஜி3க்கு ஏற்றினார். இரண்டு சிப்பாய்கள் செக்கோடு பறிபோயின. அவர் கண்டுகொள்ளவில்லை. எச்4, ஜி5 வழியாக ராஜா எஃப்6 வரை ஏறியது. கடைசிக் கட்டத்தில் வெட்டக்கூடிய எஃப்5 சிப்பாயைக் கூட அவர் வெட்டவில்லை. அது கருப்பு யானையின் செக்குகளைத் தடுக்கும் கேடயமாக அங்கேயே நிற்கட்டும் என்று விட்டார். எதிரியின் சிப்பாயையே காவலுக்கு வைத்துக்கொண்ட அந்த முடிவின் அழகை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலித்ததில்லை. அதன் பிறகு ஆட்டம் ஒரே பக்கமாகப் போனது.

ராஜா ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைச் செய்ய முடியும் என்பதை 1921இல் ரிச்சர்ட் ரேட்டி அமைத்த புதிர் காட்டுகிறது. வெள்ளை ராஜா எச்8, சிப்பாய் சி6. கருப்பு ராஜா ஏ6, சிப்பாய் எச்5. வெள்ளை நகர்த்துகிறது. கருப்புச் சிப்பாயை ஓடிப் பிடிக்க முடியாது, தன் சிப்பாயையும் காக்க முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் ராஜா ஜி7, எஃப்6, இ5 என்று மூலைவிட்டமாக இறங்கினால் இரண்டு இலக்குகளையும் ஒரே நடையில் நெருங்குகிறது, ஆட்டம் டிரா. விடையைப் படிப்பதோடு நிற்காமல் நீங்களே நகர்த்திப் பாருங்கள். நேர்கோட்டில் போனால் என்ன, மூலைவிட்டமாகப் போனால் என்ன என்பது அப்போதுதான் கையில் பதியும்.

யானையைக் காவலாளி ஆக்குவது

பலகையில் மிக அதிகமாக வரும் இறுதியாட்டம் யானை ஆட்டம்தான். அங்கே நடக்கும் பெருந்தவறு, பலவீனமான சிப்பாய் ஒன்றைக் காக்க யானையைப் பக்கத்தில் நிறுத்திவைப்பது. யானை அசைய முடியாமல் போனால் எதிரி ராஜா நிதானமாக உள்ளே வருவார். பல வேளைகளில் அந்தச் சிப்பாயை விட்டுவிட்டு, யானையை எதிரியின் சிப்பாய்களுக்குப் பின்னே அனுப்புவதே சரி. தடையின்றி முன்னேறக்கூடிய சிப்பாய் உங்களுடையதோ எதிரியுடையதோ, யானை அதற்குப் பின்னால் நிற்பது நல்லது. உங்கள் சிப்பாய் முன்னேற முன்னேற உங்கள் யானைக்கு இடம் கூடும். முன்னால் நின்று தடுக்கும் எதிரி யானைக்கு இடம் குறையும். 1927இல் புவனோஸ் ஐரெஸில் அலெகின் உலகப் பட்டத்தைக் கைப்பற்றிய 34ஆவது ஆட்டத்தில் அவருடைய ஏ சிப்பாயும் அதன் பின்னால் நின்ற யானையும் செய்த வேலை இதுவே.

கற்க வேண்டியவை ஏராளம் என்றாலும், இரண்டு நிலைகள் தெரியாமல் யானை ஆட்டத்தில் இறங்கக் கூடாது. காப்பவருக்கு ஃபிலிடோர் நிலை: ஒரு சிப்பாய் குறைவாக இருக்கும்போது ராஜாவை எதிரிச் சிப்பாயின் வழியில் நிறுத்தி, யானையைத் தன் பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவது வரிசையில் வைத்து எதிரி ராஜாவை உள்ளே விடாமல் தடுக்க வேண்டும். சிப்பாய் அந்த வரிசைக்கு வந்த உடனே யானையைப் பலகையின் மறுகோடிக்கு அனுப்பிப் பின்னாலிருந்து செக் கொடுக்க வேண்டும். எதிரி ராஜாவுக்கு ஒளிய இடம் இருக்காது. இதில் பலர் செய்யும் பிழை, சிப்பாய் நகரும் முன்பே பொறுமையிழந்து யானையை மறுகோடிக்கு ஓட்டிவிடுவது. வெல்ல நினைப்பவருக்கு லுசேனா நிலை: சிப்பாய் ஏழாவது வரிசையில், அதற்கு முன்னால் எட்டாவது வரிசையில் உங்கள் ராஜா, எதிரி ராஜா பக்கத்தில் வர முடியாதபடி துண்டிக்கப்பட்டிருக்கிறது. யானையை நான்காவது வரிசைக்கு ஏற்றி வையுங்கள். ராஜா வெளியே வரும்போது வரிசையாக வரும் செக்குகளை, கடைசியில் அந்த யானையே குறுக்கே வந்து நின்று முடித்துவைக்கும்.

அவசரம்

2013 நவம்பரில் சென்னையில் நடந்த உலகப் போட்டியில் ஆனந்த் 5ஆவது, 6ஆவது ஆட்டங்களை அடுத்தடுத்து கார்ல்சனிடம் இழந்தார். இரண்டும் யானை இறுதியாட்டங்கள். இரண்டிலும் டிராவுக்கு வழி இருந்தது. கார்ல்சன் பெரிய தாக்குதல் எதையும் நடத்தவில்லை. சிறு சிறு சிக்கல்களை, மணிக்கணக்கில், ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டே இருந்தார். முன்னிலையில் இருப்பவர் கற்க வேண்டிய பாடம் இங்கே இருக்கிறது: எதிரியால் எதுவும் செய்ய முடியாத நிலையில், உடனே முடித்துவிட வேண்டும் என்று துடிக்கக் கூடாது. எல்லாக் காய்களையும் நல்ல இடத்தில் வைத்த பிறகே திரும்பப் பெற முடியாத நகர்த்தலைச் செய்ய வேண்டும். காப்பவர் கற்க வேண்டியது, ‘இது டிராதான்’ என்ற எண்ணம் வந்த கணத்திலிருந்து கூடுதலாக விழித்திருப்பது.

கையில் கிடைப்பதை எல்லாம் எடுப்பதும் அவசரத்தின் ஒரு வடிவம்தான். 1972 ரெய்க்யாவிக் உலக சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டத்தின் 29ஆவது நகர்த்தலில், சமமாக இருந்த பிஷப் இறுதியாட்டத்தில் ஃபிஷர் எச்2 சிப்பாயை வெட்டினார். ஸ்பாஸ்கி ஜி3 என்று ஒரு சிப்பாயை நகர்த்தி அந்த பிஷப்பைச் சிறைவைத்தார். ஃபிஷர் தோற்றார்.

பயிற்சியில் எதை முதலில் எடுப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். பிஷப்பும் குதிரையும் கொண்டு செக்மேட் செய்வதைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். 2013இல் ஜெனீவாவில் அப்போதைய மகளிர் உலக சாம்பியன் அன்னா உஷேனினாவே ஓல்கா கிர்யாவுக்கு எதிராக 50 நகர்த்தல் வரம்புக்குள் அதைச் செய்ய முடியாமல் டிராவோடு எழுந்தார். ஆனால் அது அரிதாக வருவது. ராஜா–சிப்பாய் ஆட்டங்களும் யானை ஆட்டங்களும் பழகிய பிறகு அதற்கு வரலாம்.

உங்கள் சொந்த ஆட்டங்களிலிருந்தே தொடங்குங்கள். இறுதியாட்டம் வரை போன ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு காய் மாற்றத்திலும் நிறுத்தி, ஏன் வெட்டினீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு கணினியைத் திறங்கள். ஏழு காய்கள் வரை மிஞ்சிய நிலைகளுக்குச் சரியான விடை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த விடையை வாசித்துவிட்டு நகர்ந்துவிடாமல், அதே நிலையைக் கணினிக்கு எதிராக ஆடுங்கள். வென்றாக வேண்டிய நிலையை வெல்லும் வரை, காக்க வேண்டிய நிலையைக் காக்கும் வரை.