ரிக்ளைனர் வாங்கப் போகிறீர்களா? எழுந்து பார்த்து வாங்குங்கள்

மூன்று வருடம் முன்பு அப்பாவுக்காக ஒரு ரிக்ளைனர், அதாவது சாயும் நாற்காலி, வாங்கினேன். கடையில் அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் இருந்த லீவரை விற்பனையாளர் இழுத்தார், கால் மேலே வந்தது, முதுகு பின்னால் போனது. "நல்லா இருக்குப்பா" என்றார். பில் போட்டுவிட்டோம். எல்லாம் சேர்த்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது.

வீட்டுக்கு வந்த இரண்டாம் நாள் மாலை, ஹாலிலிருந்து அப்பாவின் குரல்: "இந்தா, கொஞ்சம் வந்து இதை அமுக்கிவிடு." அம்மா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்து, கால் வைக்கும் பலகையை இரண்டு கையாலும் அழுத்தி உள்ளே தள்ளினார். அப்புறம்தான் அப்பா எழுந்தார். மூட்டுத் தேய்மானம் உள்ளவர். கையால் இயக்கும் ரிக்ளைனரில் காலை மேலே கொண்டுவர லீவர் போதும். மூடுவதற்குக் கெண்டைக்காலாலும் குதிகாலாலும் அழுத்தித் தள்ள வேண்டும். அந்த அழுத்தம் நேராக முழங்காலில் போய் நிற்கும். இதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அத்தைக்கு ஒன்று, நண்பனின் மாமனாருக்கு ஒன்று என்று இரண்டு முறை கடை கடையாக ஏறி இறங்கியதில் கற்றதை, முதல்முறை வாங்குபவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: யார் உட்காரப் போகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள்

"வீட்டில் எல்லாருக்கும்" என்று பதில் சொல்லாதீர்கள். ஒற்றை ரிக்ளைனர் என்பது செருப்பு மாதிரி, ஒருவருக்குத்தான் சரியாகப் பொருந்தும். அதிக நேரம் உட்காரப் போகிறவர் யாரோ, அவருடைய அளவைத்தான் எடுக்க வேண்டும்.

தரையில் கால் பதியும்படி அவரைச் சாதாரண மர நாற்காலியில் உட்கார வையுங்கள். செருப்பு வேண்டாம். இரண்டு அளவு எடுங்கள். ஒன்று, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை உள்ள உயரம். இன்னொன்று, பின்பக்கம் முதுகு படும் இடத்திலிருந்து அதே மடிப்பு வரை உள்ள நீளம்.

முதல் அளவுதான் இருக்கையின் உயரம். பெரும்பாலான ரிக்ளைனர்கள் 18 முதல் 20 அங்குலம் இருக்கும். உட்கார்ந்ததும் மெத்தை ஓர் அங்குலமாவது அமுங்கும், அதையும் கணக்கில் வையுங்கள். வயதானவர் என்றால் அவர் அளவைவிடக் கொஞ்சம் கூடுதல் உயரம் நல்லது, எழுவது சுலபம். இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தவர் என்றால் தாழ்ந்த இருக்கை கூடவே கூடாது. இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பார். அவரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள்.

இரண்டாவது அளவைவிட இருக்கையின் ஆழம் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். உட்கார்ந்த பிறகு முழங்கால் மடிப்புக்கும் இருக்கை விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஐந்தடி உயரமுள்ள நம் அம்மாக்கள் பலருக்கு இங்கேதான் சிக்கல். முதுகைச் சாய்த்தால் கால் அந்தரத்தில் தொங்கும், காலைத் தரையில் வைத்தால் முதுகு சாயாது. தலை வைக்கும் இடமும் அப்படியே: உயரமானவருக்காகச் செய்த நாற்காலியில் குட்டையானவர் உட்கார்ந்தால் அந்தத் தடித்த மெத்தை பிடரிக்குப் பதிலாகப் பின்மண்டையை முன்னால் தள்ளும். அரை மணியில் கழுத்து வலிக்கும்.

படி 2: சாக்பீஸ் எடுத்துத் தரையில் வரையுங்கள்

நேராக நிமிர்ந்து இருக்கும்போது ஒரு ரிக்ளைனர் ஏறக்குறைய மூன்றடிக்கு மூன்றடிதான். முழுக்கச் சாய்ந்தால் ஐந்தடி, ஐந்தரை அடி நீளத்துக்குப் போய்விடும். போதாததற்கு, சாதாரண மாடல்களில் முதுகுப் பகுதி பின்னால் போக, சுவரிலிருந்து 8 முதல் 12 அங்குலம் விட்டு வைக்க வேண்டும். சுவரை ஒட்டிப் போடக்கூடிய மாடல்களும் உண்டு. அவற்றில் முதுகு சாயும்போது இருக்கையே முன்னால் நகர்ந்துவிடும். சின்ன ஹாலுக்கு இதுதான் சரி, ஆனால் இடம் மிச்சம் என்று நினைக்காதீர்கள். பின்னால் எடுக்காத இடத்தை முன்னால் எடுத்துக்கொள்ளும்.

அதனால் சாய்ந்த நிலையின் நீள அகலத்தை ஹால் தரையில் வரைந்துவிட்டு, ஒரு நாள் முழுக்க அதை மிதிக்காமல் நடந்து பாருங்கள். அத்தை வீட்டில் இப்படி வரைந்தபோதுதான் பூஜை அலமாரிக் கதவு பாதிதான் திறக்கும் என்று தெரிந்தது. கோலமாவால் வரையலாம் என்று அத்தை சொன்னார். மின்விசிறி போட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவில்லை, அவரே பார்த்துக்கொண்டார்.

வாசல், மாடிப்படித் திருப்பம், லிஃப்ட் கதவு மூன்றையும் அளந்துவிடுங்கள். கதவை முழுக்கத் திறந்து வைத்து, நிலைக்கும் கதவுப் பலகைக்கும் நடுவே உள்ள உண்மையான இடைவெளியைத்தான் அளக்க வேண்டும். பெரும்பாலான ரிக்ளைனர்களில் முதுகுப் பகுதி தனியாகக் கழன்று வரும். கடையில் கேட்டு, கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். லிஃப்ட் இல்லாத இரண்டாம் மாடி என்றால் தூக்குகூலி யாருடையது என்பதை அப்போதே பேசி பில்லில் எழுதி வாங்குங்கள். வாசலில் நின்று பேசினால் விலை வேறு.

படி 3: கையாலா, மோட்டாரா, தூக்கிவிடுவதா?

முதுகால் தள்ளிச் சாய்வது, லீவர் இழுத்துச் சாய்வது, மோட்டாரில் சாய்வது, ஆளையே முன்னால் தூக்கி நிறுத்துவது என்று நான்கு வகை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆடுவது, சுற்றுவது எல்லாம் இதன் மேல் போடும் ஜிகினா.

முழங்கால் நன்றாக இருப்பவருக்கு லீவர் வகை தாராளமாகப் போதும். பழுதாக அதில் அதிகம் ஒன்றுமில்லை, மின்சாரமும் வேண்டாம். முதுகால் தள்ளும் வகை ஒல்லியானவருக்குச் சரிவராது. உடல் எடை போதாமல் பாதியில் நிமிர்ந்துகொண்டே இருக்கும்.

முழங்கால், இடுப்பு, முதுகு எதில் தொந்தரவு இருந்தாலும் மோட்டார்தான். பொத்தானை அழுத்தினால் எந்தக் கோணத்திலும் நிற்கும், காலும் தானாக இறங்கும். சுவரில் இருக்கும் 230 வோல்ட்டை அடாப்டர் குறைந்த வோல்ட்டுக்கு மாற்றித்தான் மோட்டாருக்கு அனுப்பும். பல அடாப்டர்களில் 29 வோல்ட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்க்கலாம். நகரும் சில நொடிகளுக்குத்தான் குறிப்பிடும்படி கரண்ட் இழுக்கும், ஆகவே மின் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது மின்வெட்டுக்கு. சாய்ந்தபடி தூங்கும்போது கரண்ட் போனால் ஆள் அப்படியே மாட்டிக்கொள்வார். சில மாடல்களில் ஒருமுறை நிமிர்த்துவதற்கு மட்டும் பேட்டரி வைக்க இடம் இருக்கும். இல்லையென்றால் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக் பாயின்ட் பக்கத்தில் போடுங்கள். நடைபாதையின் குறுக்கே எக்ஸ்டென்ஷன் வயர் இழுக்காதீர்கள். காலைத் தூக்கிவைக்க வாங்கிய நாற்காலி காலை வாரிவிடும்.

சோபாவிலிருந்து எழவே இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியவருக்கு, தூக்கிவிடும் வகை. இருக்கை முழுவதுமே முன்பக்கமாக மெல்லச் சரிந்து ஆளை நிற்க வைக்கும். அப்பாவுக்கு முதலிலேயே இதை வாங்கியிருக்க வேண்டும். முதல் நான்கைந்து முறை பக்கத்தில் ஒருவர் நிற்பது அவசியம். நாற்காலி தள்ளிவிடுகிறதோ என்று பயந்து பாதியில் எழுந்து விழுபவர்கள் உண்டு.

ஒரு சின்னச் சரித்திரம். 1928-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மன்றோ என்ற ஊரில், எட்வர்ட் நபுஷ், எட்வின் ஷூமேக்கர் என்ற இரண்டு உறவினர்கள் செய்த சாயும் நாற்காலிதான் பிற்பாடு லேசி-பாய் என்று பெயரெடுத்தது. முதலில் அது திண்ணையில் போடும் வெறும் மரச்சட்ட நாற்காலி, மெத்தை பிறகுதான் ஏறியது. நம் வீட்டுக் கித்தான் ஈஸி சேரை நினைத்துக்கொண்டால் தூரத்துச் சொந்தம் மாதிரி தெரியும். என்ன, அதில் குச்சியை உருவிவிட்டுத் தாத்தாவை விழ வைக்க முடியும்.

படி 4: மேலுறை

கடைக்காரர் "லெதர்" என்றால் உடனே கேளுங்கள்: முழுக்கவா, உடம்பு படும் இடம் மட்டுமா? பல மாடல்களில் உட்காரும் இடமும் சாயும் இடமும் மட்டும் தோல், பக்கமும் பின்புறமும் ரெக்ஸின். அது ஏமாற்று வேலை இல்லை, ஆனால் விலை அதற்குத் தகுந்தாற்போல் இருக்க வேண்டும்.

லெதரெட் என்பது செயற்கைத் தோல். அதில் பி.யூ. (பாலியூரித்தேன்) வகை மெத்தென்று அசல் தோல் போலவே இருக்கும், ஆனால் காற்றின் ஈரப்பதத்தில் அதன் மேல்பூச்சு சிதைந்து, சில வருடங்களில் வெயிலில் உரிந்த தோல் மாதிரி செதில் செதிலாக உதிரும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் இதை இரண்டு முறை யோசியுங்கள். பி.வி.சி. வகை ஈரத்தைத் தாங்கும், கை வைத்தால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இரண்டுமே ஏ.சி. இல்லாத ஹாலில் மே மாதம் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட வீட்டுக்கு நான் துணியைத்தான் சொல்வேன், அதுவும் கழற்றித் துவைக்கும் உறையாக இருந்தால் இன்னும் நல்லது.

எதை வாங்கினாலும் தலைப்பக்கத்தில் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். தேங்காய் எண்ணெய்க்கு முன்னால் எந்த மேலுறையும் நிற்காது.

உள்ளே இருக்கும் ஃபோமுக்கு "டென்சிட்டி எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். உட்காரும் இடத்துக்கு 32-க்குக் கீழே நான் வாங்க மாட்டேன், 40 கிடைத்தால் நிம்மதி. இந்த எண் கூடினால் மெத்தை கடினமாக இருக்கும் என்று அர்த்தமில்லை. சீக்கிரம் குழி விழாது, அவ்வளவுதான்.

படி 5: கடையில் கால் மணி நேரம்

உட்காரப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் வீட்டில் கட்டும் உடையிலேயே. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். அத்தை சேலையில் உட்கார்ந்து காலை இறக்கியபோது கொசுவத்தின் கீழ்முனை பலகைக்கும் இருக்கைக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. கடைப்பெண் குனிந்து மெல்ல உருவி எடுத்தார். கறுப்பாக ஒரு கோடு கிரீஸ். அந்த மாடலை அங்கேயே விட்டுவிட்டோம். வேட்டிக்கும் நைட்டிக்கும் இதே கதைதான்.

உட்கார்ந்ததும் பேச்சை நிறுத்திவிட்டு, பதினைந்து நிமிடம் செல்போன் பார்க்கச் சொல்லுங்கள். எந்த நாற்காலியும் முதல் இரண்டு நிமிடம் சொர்க்கம்தான். பிறகு விற்பனையாளர் உதவி இல்லாமல் ஐந்து முறை சாய்ந்து, மூடி, எழச் சொல்லுங்கள். எழும்போது முகத்தைப் பாருங்கள். பல்லைக் கடிக்கிறாரா, கைப்பிடியைப் பிடித்து உடம்பை ஆட்டி வேகம் எடுக்கிறாரா, மூன்றாவது முறைக்கே "போதும், நல்லாத்தான் இருக்கு" என்கிறாரா? அப்படியானால் வேண்டாம். சாய்வதை எந்த நாற்காலியும் சரியாகச் செய்துவிடும்.

கால்பலகை இரண்டு பக்கமும் சமமாக எழுகிறதா, உரசும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். நாற்காலியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைக் காட்டச் சொல்லவும் தயங்க வேண்டாம். கறுப்புத் துணிக்கு மேலே வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் கம்பிகள், இரும்பு இணைப்புகள், மரச்சட்டம் எல்லாம் தெரியும். காட்ட மாட்டேன் என்ற கடையில் நான் வாங்கவில்லை.

விலை? கடைசியாக நான் விசாரித்தபோது லீவர் வகை 15,000 ரூபாய்க்கு மேலும், மோட்டார் வகை 25,000-க்கு மேலும் ஆரம்பித்தன. தூக்கிவிடுவது இன்னும் கூடுதல். வாரன்டி இயந்திரத்துக்கு எத்தனை வருடம், மோட்டாருக்கு எத்தனை, மேலுறைக்கு உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள். "மூணு வருஷம் வாரன்டி சார்" என்பது பெரும்பாலும் இரும்புக்கு மட்டும்தான்.

படி 6: வீட்டுக்கு வந்த அன்று

பொருத்த வந்தவர் கிளம்பும் முன்பே முதுகுப் பகுதியை மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் பூட்டு விழுந்திருந்தால் அசையாது. ஒரு பக்கம் மட்டும் விழுந்திருந்தால் சாயும்போது கோணும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஒரு கண்டிப்பு: எழுந்ததும் கால்பலகையை மூடிவிட வேண்டும். திறந்திருக்கும் பலகைக்கும் இருக்கைக்கும் இடையில் குழந்தையின் விரல் மட்டுமல்ல, தலையே மாட்டிக்கொள்ளலாம். பூனை இருந்தால் மூடும் முன் குனிந்து ஒரு பார்வை. மோட்டார் வகை என்றால் ரிமோட்டைக் குழந்தைக்கு எட்டாமல் வையுங்கள், வெளியூர் போகும்போது பிளக்கை உருவிவிடுங்கள். திறந்த பலகையின் நுனியில் யாரும் உட்காரக் கூடாது. முக்கியமாக விருந்தாளி மாமாக்கள்.

மாதம் ஒருமுறை நாற்காலியை நகர்த்தி அடியில் பெருக்குங்கள். எங்கள் வீட்டில் எலி அந்தக் கறுப்புத் துணியைக் கடித்து உள்ளே போய், ஃபோமைப் பிய்த்துக் கூடு கட்டியிருந்தது. வயரைக் கடிக்கும் முன் பார்த்துவிட்டோம்.