கட்டிலில் இருப்பவர் "ஒருமாதிரி" இருந்தால்: வாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

திருகோணமலையில் வாட்டுக்குத் தாதியராகப் புதிதாக வரும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, டொக்டரை எப்ப கூப்பிடுறது?" கூப்பிட்டு ஒன்றுமில்லை என்றால் ஏச்சு விழும், கூப்பிடாமல் விட்டு ஏதும் நடந்தால் ஆயுளுக்கும் நெஞ்சில் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று எப்படி முடிவெடுப்பது என்று எனக்குப் பிடிபட்டதை எழுதுகிறேன். இது வயது வந்தவர்களின் வாட்டுக்கு மட்டும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அளவுகள் வேறு.

டியூட்டி எடுத்தவுடன் பி.எச்.ரி. (நோயாளியின் கட்டில் குறிப்பு) கட்டோடு மேசையில் இருந்துவிடாதீர்கள். எல்லாக் கட்டிலுக்கும் ஒரு சுற்றுப் போங்கள். ஆள் சாய்ந்து இருக்கிறாரா படுத்திருக்கிறாரா, மூச்சு விடாமல் ஒரு வசனம் முழுக்கப் பேசுகிறாரா, கை சூடா குளிரா, வீட்டிலிருந்து வந்த சோற்றுப் பார்சல் பிரிக்காமல் கிடக்கிறதா. பக்கத்தில் நிற்கும் மகளிடம் "அப்பா வழமையா இப்படித்தானா?" என்று கேளுங்கள். நடுச்சாமத்தில் "இவர் மாறிவிட்டார்" என்று நீங்கள் சொல்ல வேண்டி வந்தால், எதிலிருந்து மாறினார் என்பதற்கு உங்களிடம் இருக்கப்போவது இந்தச் சுற்று மட்டும்தான்.

அடுத்தது மூச்சு. பிரஷரும் பல்ஸும் மெஷின் சொல்லிவிடும், மூச்சை நாம்தான் எண்ண வேண்டும், அதனாலேயே பல சார்ட்களில் எல்லாருக்கும் 18 அல்லது 20 என்று எழுதிக் கிடக்கும் (நானும் எழுதியிருக்கிறேன், மறைப்பதற்கில்லை). பல்ஸ் பார்ப்பது போல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆள் மூச்சை மாற்றிவிடுவார்.

எண்கள் கையில் வந்ததும் நியூஸ் 2 போட்டுப் பாருங்கள். பிரித்தானியாவின் றோயல் கொலேஜ் ஒஃப் பிசிஷியன்ஸ் 2012 இல் கொண்டுவந்து 2017 இல் திருத்திய, ஆள் மோசமாவதை முன்கூட்டியே காட்டும் புள்ளிமுறை அது. ஒரு கணக்குப் பார்ப்போம்: மூச்சு 22, அதற்கு 2 புள்ளி. ஒட்சிசன் 95, அதற்கு 1. மேல் பிரஷர் 108, பல்ஸ் 96, இரண்டுக்கும் ஒவ்வொன்று. காய்ச்சல் இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது, ஆனால் கூட்டினால் 5. அந்த இடத்திலேயே டொக்டருக்கு அவசரமாகச் சொல்ல வேண்டும். இதோடு, பின்னேரம் வரை தெளிவாகப் பேசியவர் இப்போது "நான் கோணேசர் கோயிலடியிலதானே நிற்கிறன்" என்று தடுமாறினால் அந்தப் புதுக் குழப்பத்துக்கு மட்டும் 3 புள்ளி. மொத்தம் 8. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் அவசர நிலை, யோசித்து நிற்க நேரமில்லை. வயதானவர்களுக்குக் கிருமி இரத்தத்தில் ஏறியும் காய்ச்சல் வராமல் இருக்கலாம், குழப்பம்தான் முதலில் வரக்கூடும்.

ஆனால் புள்ளிமுறைக்கும் கண் தெரியாத இடங்கள் உண்டு. மாரி மழை தொடங்கினால் நமக்கு டெங்கு. 2017 இல் கிண்ணியா பட்ட பாடு தெரியும்தானே. டெங்குக்காரருக்குக் காய்ச்சல் விட்டதும் வீட்டார் சந்தோஷப்படுவார்கள், நாமும் சார்ட்டில் 37 என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவோம். இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பிரஷர் 112/94 என்று வந்தால் மேல் எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது நல்ல பிரஷர், நியூஸ் 2 இலும் அதற்குப் புள்ளி இல்லை. கழித்துப் பாருங்கள், 18. இடைவெளி 20 க்கு வந்துவிட்டாலே உடனே சொல்ல வேண்டும். சலம் எவ்வளவு போகிறது என்றும் அளந்து எழுதுங்கள். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தால் அது செய்தி. அதேபோல அட்டெனலோல் போன்ற, இதயத் துடிப்பைக் குறைக்கும் குளிசை குடிப்பவருக்கு உள்ளே என்ன நடந்தாலும் பல்ஸ் ஏறாமல் இருக்கலாம், அதனால் மருந்துப் பட்டியலைப் பார்க்காமல் பல்ஸை நம்பாதீர்கள்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். வேலைக்கு வந்த முதல் வருடம், வேறொரு ஆஸ்பத்திரி. கடற்தொழில் செய்த ஐயா ஒருவர், இரவானால் "மிஸி, ஒரு பிளேன்டீ" என்று கரைச்சல் கொடுப்பவர், அன்றைக்குச் சத்தமே இல்லை. நல்லாத் தூங்குகிறார், பாவம் என்று போர்வையை இழுத்து விட்டுவிட்டு வந்தேன். விடியற்காலை பெரிய மிஸி வந்து தட்டினால் ஆள் எழும்பவில்லை, உடம்பெல்லாம் வியர்வை, இரத்தத்தில் சீனி 38 தான், மிகக் குறைவு. சீனி வருத்தத்துக்குக் குளிசை போட்டிருந்தார், இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை, கிட்னியும் பலவீனம். டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றியதும் கண் திறந்து பிளேன்டீ கேட்டார். நான் வாஷ்ரூமில் போய் அழுதேன். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: மனதில் முதலில் வரும் விளக்கத்தைச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இது பிழையாக இருந்தால் வேறு என்னவாக இருக்கும், அதைப் பார்க்க என்ன வேண்டும்?" என்று கேட்பேன். அந்த இரவு அதற்கு வேண்டியிருந்தது விரல் நுனியில் ஒரு துளி இரத்தம்.

சரி, கூப்பிட முடிவெடுத்தாயிற்று. எப்படிச் சொல்வது? அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த எஸ்பார் முறை துறைமுக ஊர்க்காரர் நமக்குப் பொருத்தம்தான்: இப்போது என்ன, முன்னர் என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன கேட்கிறேன். "டொக்டர், 12 ஆம் கட்டில் ஐயா சரியில்லை" என்றால் அவர் "பார்ப்பம்" என்பார். "12 ஆம் கட்டில், 68 வயது, நெஞ்சுச் சளிக்கு வந்தவர், எட்டு மணிக்கு நியூஸ் புள்ளி 2, இப்போது 8, புதிதாகக் குழம்புகிறார், கிருமி ஏறுகிறது என்று நினைக்கிறேன், இப்போதே வந்து பாருங்கள்" என்றால் எழும்பி வருவார். கடைசித் துண்டை வாய்விட்டுக் கேட்கத்தான் நமக்குக் கூச்சம்.

நமது ஊரில் இதற்குள் இன்னொரு சிக்கல், மொழி. மூதூரிலிருந்து வந்த உம்மா "நெஞ்சு ஒருமாதிரிப் பதறுது, மகள்" என்பார், போனில் நிற்கும் டொக்டருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டியிருக்கும், நாமோ அவசரத்தில் "நெஞ்சு நோவாம்" என்று மாற்றிவிடுவோம். பதறுவது வேறு, நோவது வேறு, உளைவது வேறு. கையை வைத்துக் காட்டச் சொல்லி, எப்போது தொடங்கியது, நடந்தால் கூடுகிறதா என்று கேட்டு, அதன் பிறகு மொழிமாற்றுங்கள். அவருக்குச் சீனி வருத்தமும் இருந்தால் நோவே இல்லாமல் மாரடைப்பு வரலாம், அதனால் வியர்வை, மூச்சு வாங்குதல், ஓங்காளம் எதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் எழுதுங்கள். நீங்கள் சொல்லியும் ஆள் வராவிட்டால் அவருக்கு மேலே இருப்பவரைக் கூப்பிடுங்கள், அது கோள்மூட்டல் ஆகாது. வந்து மருந்து கொடுத்த பிறகும் அரை மணித்தியாலத்தில் அதே கட்டிலுக்குப் போய் அதே மூச்சை மறுபடி எண்ணுங்கள். அப்புறம் காலையில் டியூட்டி மாறும்போது அடுத்த மிஸியை அந்தக் கட்டிலுக்கே கூட்டிக்கொண்டு போய், "நேற்று எட்டு மணிக்கு இவர் இப்படி இல்லை" என்று அவரைக் காட்டியே சொல்லுங்கள்.