கல்முனையைப் படிக்கத் தொடங்குவது உடைவிலிருந்து

ஒரு தட்டில் நாற்பது கல்முனைகளைப் பரப்பி, அம்பு எது, ஈட்டி எது என்று பிரிக்கச் சொன்னால், புதிதாக வருகிறவர் சின்னதை ஒரு பக்கமும் பெரியதை ஒரு பக்கமும் வைப்பார். உடைந்தவை ஓரத்துக்குப் போகும். முதல் வருடம் நானும் அப்படித்தான் பிரித்தேன். பதினான்கு வருடமாக இவற்றை அளந்து வருகிறேன். இப்போது என் கை முதலில் போவது அந்த ஓரத்துக் குவியலுக்கு. முழுசாக இருக்கும் முனை ஒருவேளை எய்யப்படாமலே கீழே விழுந்ததாக இருக்கலாம். உடைந்ததுதான் எதன் மீதோ மோதியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. மண்ணிலிருந்து எடுக்கும்போதே பாதி ஆய்வு முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள ஃபோல்சம் என்ற இடத்தில், அழிந்துபோன காட்டெருமை இனத்தின் எலும்புகளோடு கல்முனைகள் கிடைத்தன. முதலில் கிடைத்தவை மண்ணிலிருந்து பெயர்ந்து வந்துவிட்டதால் யாரும் நம்பவில்லை. 1927-ல் விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு முனை தென்பட்டபோது அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டு, மற்ற அறிஞர்களுக்குத் தந்தி கொடுத்து வரவழைத்தார்கள். வந்தவர்கள் கண்ணால் பார்த்தார்கள், விவாதம் முடிந்தது. இன்றைக்கு உங்களுக்குத் தந்தி வேண்டாம். ஆனால் முனை எந்தப் பக்கம் நோக்கிக் கிடந்தது, எந்த ஆழத்தில், பக்கத்தில் எந்த எலும்பு என்று எழுதி, படம் எடுத்த பிறகே தூக்குங்கள். அனுமதி பெற்ற அகழாய்வுக்கு வெளியே கண்ணில் பட்டால் தூக்கவே வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, கழுவாதீர்கள். இதை நான் வலியோடுதான் சொல்கிறேன். என் இரண்டாம் வருடத்தில் ஒரு முனையின் அடிப்பகுதியில் கருப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்துப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டு நிமிடத்தில் சுத்தமான, பளபளப்பான கல் கையில் இருந்தது. அந்தக் கருப்பு, முனையைத் தண்டில் ஒட்டிய பிசினாக இருந்திருக்கலாம். இனி யாரும் அதைச் சோதிக்க முடியாது. 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் உடலோடு கண்டெடுக்கப்பட்ட ஓட்சி என்ற பழங்கால மனிதரின் அம்புகளில், முனையைத் தண்டில் பொருத்திய பிர்ச் மரத் தார் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு துளி ஒட்டியிருந்தால் போதும், வேதியியல் சோதனை எவ்வளவோ சொல்லும். அதனால் பவுடர் இல்லாத கையுறை போட்டுக்கொள்ளுங்கள். முனையை நிறுத்திப் பார்க்கக் களிமண் போன்ற ஒட்டும் பொருளைப் பயன்படுத்தாதீர்கள், அதன் மிச்சம் கல்லில் தங்கி அடுத்தவரை ஏமாற்றும். ஒன்றிரண்டை எப்போதும் மண்ணோடே ஒதுக்கி வையுங்கள்.

சரி, இப்போது உடைவுக்கு வருவோம். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் ஒன்று, சாய்வாக வைக்கக்கூடிய விளக்கு ஒன்று, இரண்டும் போதும். வெளிச்சம் இடது மேல் பக்கத்திலிருந்து தாழ்வாக விழட்டும். கற்கருவிகளை வரைவதிலும் அதுதான் வழக்கம், பிறகு படத்தோடு ஒப்பிட எளிது. நேர் வெளிச்சத்தில் தட்டையாகத் தெரிந்த உடைவு, சாய்ந்த வெளிச்சத்தில் மேடும் பள்ளமுமாக எழுந்து நிற்கும்.

தேடவேண்டியவை இவை. நுனியில் தொடங்கிய உடைவு கல்லின் முகத்தில் கொஞ்ச தூரம் ஓடி, படிக்கட்டு போலச் சட்டென்று நின்றிருக்கிறதா? ஒடிந்த விளிம்பிலிருந்து மெல்லிய சில்லுகள் அடிப்பகுதியை நோக்கித் தெறித்திருக்கின்றனவா? பக்க விளிம்பை ஒட்டி உளி செதுக்கியதுபோல ஒரு நீளச் சில்லு போயிருக்கிறதா? வேகமாகப் போய் எலும்பில் மோதும்போது விசை கல்லின் நீளவாக்கில் பாய்கிறது, அதனால்தான் இந்த வடிவங்கள். டென்மார்க்கில் ஆண்டர்ஸ் பிஷரும் அவருடைய கூட்டாளிகளும் தாங்களே செய்த முனைகளை விலங்குகளின் உடல்கள் மீது எய்து பார்த்து, 1984-ல் இந்த அடையாளங்களை வகுத்துக் கொடுத்தார்கள். கீழே விழுந்த கல் பெரும்பாலும் குறுக்கே, நேர்க்கோடாக ஒடியும்.

பெரும்பாலும் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கால்நடை மிதித்தாலும், செதுக்கும்போது கை தவறினாலும், எப்போதாவது மோதல் உடைவு போலவே ஒன்று உண்டாகும். எனவே ஒற்றை முனையை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். அதே அடுக்கில் கிடைத்த எல்லா முனைகளிலும் எத்தனையில் இந்த உடைவு இருக்கிறது, முனையாகவே இல்லாத சாதாரணச் சில்லுகளில் எத்தனையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால், அது வேட்டையின் அடையாளம் இல்லை.

அப்புறம் அடிப்பகுதி. நகத்தின் பின்புறத்தை அதன் ஓரத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள் (கறை ஏதாவது தெரிந்தால் தொடவே வேண்டாம்). க்ளோவிஸ், ஃபோல்சம் என்ற பழைய அமெரிக்க வகை முனைகளில் அடி ஓரத்தை வேண்டுமென்றே தேய்த்து மழுக்கியிருப்பார்கள், கட்டிய நாரைக் கல் அறுத்துவிடக் கூடாது என்பதற்காக. கூரான ஒன்றைச் செய்துவிட்டு அதில் ஒரு பகுதியை மட்டும் மழுக்கிய அந்தக் கையை நினைக்கும்போது எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

இத்தனைக்கும் பிறகுதான் காலிப்பர். நீளத்தை எழுதுங்கள், ஆனால் நம்பாதீர்கள். முனை மழுங்க மழுங்க மறுபடி கூர்தீட்டுவார்கள், நீளம் குறைந்துகொண்டே போகும். தோள் அகலமும் தடிமனும் அவ்வளவு மாறாது, தண்டோடு கட்டியிருந்த பகுதி அது. அகலத்தையும் தடிமனையும் பெருக்கி இரண்டால் வகுத்தால் முனையின் குறுக்குவெட்டுப் பரப்பு கிடைக்கும். தொல்லியலாளர் ஜான் ஷே 2006-ல் தொகுத்த ஒப்பீட்டில் அம்பு முனைகளின் சராசரி 33 சதுர மில்லிமீட்டர், எறிகோலால் (ஈட்டியை உந்தி எறிய உதவும் கோல்) வீசும் சிறு ஈட்டிகளுக்கு 58, கையால் குத்தும் ஈட்டிகளுக்கு 168.

எண்கள் தெளிவாகத் தெரிகின்றன அல்லவா? இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். அம்புகளின் சராசரியிலிருந்து விலக்கம் 20, சிறு ஈட்டிகளுக்கு 18. என் தட்டில் ஒரு முனை 19 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் தடிமன். கணக்குப் போட்டால் 47.5. அது இரண்டு வீட்டுக்கும் பொது. பரப்பு சொல்வது இந்த முனை எதற்குப் பொருந்தும் என்பதை மட்டும்தான், எதற்குப் பயன்பட்டது என்பதை அல்ல. சின்ன முனை என்றால் பறவை வேட்டைக்கு என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். சிறிய அம்பு முனை மானையும் கொல்லும், மனிதனையும் கொல்லும். ஓட்சியின் இடது தோளில் இருந்த கல்முனை 2001-ல் எக்ஸ்ரே படத்தில் தெரிந்தது, அவர் இறந்ததும் அதனால்தான்.

கல்லே இல்லாத ஆயுதங்களையும் மனதில் வைத்திருங்கள். ஜெர்மனியின் ஷோனிங்கனில் குதிரை எலும்புகளோடு கிடைத்த ஈட்டிகள் முழுக்க மரம், முனையும் மரம்தான். ஈரம் காத்த மண் இல்லாவிட்டால் அவை மிஞ்சியிருக்காது. அதனால் ஓர் அடுக்கில் கல்முனை இல்லை என்பதைக் கொண்டு வேட்டை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பதிவேட்டில் நான் மூன்று பத்திகள் வைத்திருக்கிறேன்: கண்ணால் கண்டது, அளந்தது, நான் நினைப்பது. மூன்றாவதைப் பென்சிலால் எழுதுகிறேன். அந்த 47.5 முனை, முதல் வருடம் நான் ஓரத்தில் தள்ளிய குவியலில் இருந்து வந்தது. நுனி இல்லாததால் தள்ளியிருந்தேன். ஐந்து வருடம் கழித்து அதைச் சாய்ந்த வெளிச்சத்தில் வைத்தபோது, நுனியிலிருந்து 9 மில்லிமீட்டர் ஓடிப் படியாக நின்ற உடைவு தெரிந்தது. எதிர் முகத்தில் இன்னொரு சிறு சில்லு. மூன்றாவது பத்தியில் இப்போது "எறிபடை, அம்பு அல்லது சிறு ஈட்டி" என்று இருக்கிறது. அழிரப்பர் பக்கத்திலேயே இருக்கிறது.