வாழைப்பழத்தில் தையல் பழகுங்கள்

மருத்துவ மாணவர்களே, ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி மருத்துவர்) ஆகி கேஷுவாலிட்டியில் (அவசரப் பிரிவில்) நிற்கும்போதுதான் காயத்துக்குத் தையல் போடப் பழகுவது என்று இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் இருந்தேன். முதல் நாள் கை நடுங்கிய நடுக்கம் பேஷன்ட்டுக்கே தெரிந்தது.

நீடில் ஹோல்டர் (ஊசியைப் பிடிக்கும் கருவி), பல் வைத்த ஃபோர்செப்ஸ் (தோலைப் பிடிக்கும் இடுக்கி), கத்தரி மூன்றும் சென்னை பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெருவில் கிடைக்கும். நூலுக்கு 3-0 சில்க் (வளைந்த ஊசியோடு வரும் பட்டுத் தையல் நூல், 3-0 என்பது அதன் தடிமன்) போதும். காலாவதியானதாக இருந்தாலும் பழகுவதற்குப் பரவாயில்லை.

முதலில் வாழைப்பழம். தோலில் ஒரு கீறல் போட்டுத் தையுங்கள். நூலைக் கொஞ்சம் அதிகமாக இழுத்தாலும் தோல் கிழிந்துவிடும். அதுதான் இதில் வசதி! காயத்தின் இரு விளிம்பும் ஒன்றையொன்று தொட்டால் போதும், நெரிக்கக் கூடாது. அப்புறம் கறிக்கடையில் தோல் உரிக்காத சிக்கன் லெக் வாங்கிக்கொள்ளுங்கள். (வீட்டில் அம்மா முறைப்பார், சமாளியுங்கள்.)

பெரும்பாலும் தப்பு நடப்பது ஊசியைப் பிடிப்பதில். நுனியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளிப் பிடியுங்கள். தோலில் நேர் செங்குத்தாக இறக்குங்கள். பிறகு தள்ளாதீர்கள், மணிக்கட்டைத் திருப்புங்கள். ஊசி தன் வளைவிலேயே வெளியே வரும். தள்ளினால் ஊசி வளைந்துவிடும். முடிச்சில் ஒவ்வொரு சுற்றுக்கும் இழுக்கும் திசையை மாற்றுங்கள், இல்லையென்றால் நழுவும்.

பழகிய ஊசியைக் குப்பையில் போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, வார்டில் ஊசிகள் போடும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.