முதுகை மட்டும் படம் எடுத்தால் ஈயின் பேர் கிடைக்காது

மாசியில் எங்கள் மன்னார்குடிப் பக்கம் அறுத்த நெல்தாளுக்கு நடுவே உளுந்து பூத்து நிற்கும். அசுவினி மொய்த்த கொழுந்துக்கு மேலே, நூலில் கட்டித் தொங்கவிட்டது போல மஞ்சளும் கறுப்புமாய் ஒரு ஈ அசையாமல் நிற்கும். குளவி என்று ஒதுங்க வேண்டாம், கொட்டாது. அதுதான் ஹோவர்ஃப்ளை. இதன் புழு தின்பதே அந்த அசுவினியைத்தான்.

இங்கே குழப்புவது இரண்டு வகை. எடுத்த படத்தைப் பெரிதாக்கி வயிற்றின் 3, 4ஆம் கட்டுகளைப் பாருங்கள். தடித்த கறுப்புப் பட்டையோடு அரும்பு மீசை போல மெல்லிய பட்டை ஒன்றும் இருந்தால் எபிசிர்ஃபஸ். மீசை இல்லாமல், மார்பின் இரு ஓரத்திலும் வேட்டிக்கரை மாதிரி பளிச்சென்று மஞ்சள் ஓடினால் இஸ்கியோடான் ஸ்குட்டெல்லாரிஸ். நிறம் கறுப்பா வெளுப்பா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூட்டுப்புழு குளிரில் கிடந்தால் எபிசிர்ஃபஸ் கறுத்துத்தான் வெளிவரும். இரண்டிலுமே கண்கள் உச்சியில் ஒட்டியிருந்தால் ஆண், இடைவெளி விட்டிருந்தால் பெண். இது தெரியாமல் ஆணையும் பெண்ணையும் இரண்டு இனமாக்கி, ஒரு வருஷம் தனித்தனி ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தேன்!

வாய்க்கால் ஓரம், சாக்கடைத் தேக்கம் பக்கம் வந்தால் ஆள் வேறு. மார்பில் நெடுக்குக் கோடு போட்ட, தேனீ போன்ற ஈக்கள். கண்ணில் புள்ளி தெளித்திருந்தால் எரிஸ்டலினஸ். சில இனங்களுக்குப் புள்ளிக்குப் பதில் பட்டை. கண் வெறுமையாக இருந்தால் மெசெம்பிரியஸாக இருக்கலாம், அதற்கு இறக்கையைப் பாருங்கள். முன்விளிம்பை ஒட்டிய நரம்பறை (நரம்புகளுக்கு நடுவே உள்ள கட்டம்) விளிம்புக்கு முன்பே மூடிக்கொண்டால் எரிஸ்டலினஸ், விளிம்புவரை திறந்திருந்தால் மெசெம்பிரியஸ். மங்கலான படத்தில் இது தெரியவே தெரியாது.

அதனால் ஒரே ஈயை மூன்று கோணத்தில் எடுங்கள்: முதுகு, முகம், பக்கவாட்டில் விரிந்த இறக்கை. காலை வெயில் ஏறுமுன் மூக்குத்திப்பூவில் மந்தமாக உட்கார்ந்திருக்கும். போன் கேமராவே போதும். நிழல் மட்டும் அதன்மேல் விழக்கூடாது, பறந்துவிடும்.

எள்ளளவு சின்னதாய் ஒன்று அகப்படும், பாராகஸ். அதில் பல இனங்களை ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். நான் ‘பாராகஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவேன்.