சிடி பெர்ஃப்யூஷனில் எந்த ரத்தக்குழாயைத் தேர்ந்தெடுப்பது?

சிடி பெர்ஃப்யூஷன் (ஊசி வழியாகக் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி, மூளையில் ரத்தம் ஓடுவதை அளக்கும் சிடி ஸ்கேன்) படத்தில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகத் தெரியும் நிறங்கள் மூளையிலிருந்து நேராக வருவதில்லை. ஒரு தமனியையும் ஒரு சிரையையும் அளவுகோலாக வைத்து, ஒவ்வொரு பிக்சலிலும் கான்ட்ராஸ்ட் ஏறி இறங்கியதைக் கணக்குப் போட்டு வந்த எண்கள் அவை. அந்தக் குழாய்களைத் தப்பாக எடுத்தாலும் படம் பளிச்சென்று அழகாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. அதனால் வண்ணப் படத்துக்குப் போகும் முன் தமனி வளைவையும் சிரை வளைவையும் (அந்தந்தக் குழாயில் கான்ட்ராஸ்ட் நேரத்தோடு ஏறி இறங்குவதைக் காட்டும் கோடுகள்) திறந்து பாருங்கள். மென்பொருளே குழாயைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் பாருங்கள்.

நான் பிடித்துக்கொள்ளும் விதி இதுதான்: தமனியை வளைவின் வடிவத்துக்காக எடுங்கள், சிரையை உயரத்துக்காக எடுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மூளைத் தமனிகள் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான், வெட்டுப் படத்தின் தடிமனோ பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். ஒரே பிக்சலில் ரத்தத்தோடு பக்கத்துத் திசுவும் கலந்துவிடுவதால் தமனியின் உச்சம் உண்மையைவிடக் குறைவாகவே பதிவாகும். கணக்கில் தமனி வளைவு கீழே வகுக்கும் இடத்தில் இருக்கிறது, அது சிறுத்தால் விடை பெருக்கும். மூளையின் சாம்பல் பகுதியில் சிபிவி (100 கிராம் திசுவில் உள்ள ரத்தம், மில்லியில்) 4, சிபிஎஃப் (அதில் ஒரு நிமிடத்தில் ஓடும் ரத்தம்) 50 என்று இருக்க வேண்டிய இடத்தில் தமனி வளைவு பாதியாகப் பதிவானால் 8, 100 என்று வந்து நிற்கும். எம்டிடி (ரத்தம் திசுவைக் கடக்கும் சராசரி நேரம்) மட்டும் இரண்டிலும் அதே 4.8 விநாடி, ஏனென்றால் அது சிபிவியை சிபிஎஃப்பால் வகுத்து வருவது, இரண்டும் சேர்ந்தே வீங்கியதால் தப்பு தெரியாமல் போய்விடுகிறது. இதைச் சரிசெய்யத்தான் சிரை. சுபீரியர் சஜிட்டல் சைனஸ் மண்டையோட்டுக்கு உள்ளே நடுக்கோட்டில் ஓடும் பெரிய சிரைக் குழாய், அதன் நடுவில் வேறு எதுவும் கலக்காது, அதன் அளவுக்கு மென்பொருள் தமனியை உயர்த்திக்கொள்ளும்.

சிரையை எடுக்கும் இடம் முக்கியம். உச்சந்தலைப் பக்கம் சைனஸ் படத்தின் தளத்திலேயே படுத்துக்கொண்டு ஓடும், அங்கே வேண்டாம். பின்புறம், டார்குலாவுக்கு (பெரிய சிரைகள் கூடும் இடம்) கொஞ்சம் மேலே, அது வெட்டுக்குக் குறுக்கே இறங்கும், அங்கே நட்டநடுவில் சிறிய வட்டம் போதும். ஓரத்துக்குப் போனால் எலும்பு ஒட்டிக்கொள்ளும். கான்ட்ராஸ்ட் வருவதற்கு முந்தைய படங்களில் ரத்தம் 40 எச்.யு. (ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு, சிடியில் அடர்த்தியின் அளவு) சுற்றி இருக்க வேண்டும். தொடக்கமே 100, 150 என்று இருந்தால் நீங்கள் எடுத்தது ரத்தம் மட்டும் இல்லை, எலும்பும் சேர்ந்திருக்கிறது. இந்த ஒரு எண்ணைப் பார்ப்பது நிறைய தவறுகளைப் பிடித்துவிடும்.

தமனிக்கு நான் முதலில் போவது மூளையின் முன்பக்கத் தமனியான ஆன்டீரியர் செரிப்ரல் தமனியின் ஏ2 பகுதி. அது படத்துக்குக் குறுக்கே மேலே ஏறுவதால் கலப்பு குறைவு. மிடில் செரிப்ரல் தமனியின் தொடக்கப் பகுதியான எம்1 படுத்துக்கொண்டு ஓடுகிறது, ஆனால் தடிமன் அதிகம், அதையும் எடுக்கலாம். எதுவானாலும் வளைவு சீக்கிரம் கிளம்பி, செங்குத்தாக ஏறி, ஒடுங்கிய உச்சம் காட்டி இறங்க வேண்டும். சிரை சில விநாடிகள் கழித்து, உயரமாகவும் அகலமாகவும் வர வேண்டும். சிரை முந்திக்கொண்டு வந்தால் எங்கேயோ தப்பு. இடது கையில் ஊசி போட்டால் சில நேரம் கான்ட்ராஸ்ட் ஜுகுலர் (கழுத்துச் சிரை) வழியாக மேலே எதிர்த்து ஏறுவது உண்டு, அதையும் யோசியுங்கள்.

இப்போது உண்மையான பக்கவாத நோயாளிக்கு வருவோம். இடது எம்1 அடைபட்டிருக்கிறது. அடைப்புக்கு அப்பால் உள்ள கிளையில் தமனியை எடுத்தால் கான்ட்ராஸ்ட் அங்கே சுற்றுவழியாகத் தாமதமாகவும் பரந்தும்தான் வரும், அந்தப் பரந்த வளைவை ‘இயல்பான வரவு’ என்று மென்பொருள் நம்பிவிடும். அப்புறம் என்ன, நோயுள்ள பகுதியின் டிமேக்ஸும் (கான்ட்ராஸ்ட் திசுவுக்கு வந்து சேரும் தாமதம்) எம்டிடியும் சுருங்கும், சிபிஎஃப் ஏறும், பாதிப்பு சின்னதாகத் தெரியும். உயரத் தவறு என்றால் இடது வலது ஒப்பீட்டில் அடிபட்டுப்போகும், சிபிஎஃப் எதிர்ப்பக்கத்து அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே என்ற கோர் (ஏற்கெனவே இறந்த திசு) கணக்கு தப்பித்துவிடும். வடிவத் தவறு அப்படி அடிபடாது. 2018இல் வந்த டிஃப்யூஸ் 3 என்ற பக்கவாத ஆய்வில் கோர் 70 மில்லிக்குக் குறைவு, பாதிப்புக்கும் கோருக்கும் விகிதம் குறைந்தது 1.8, காப்பாற்றக்கூடிய திசு குறைந்தது 15 மில்லி என்று எல்லை வைத்தார்கள், அந்தப் பாதிப்பை அளந்தது டிமேக்ஸ் 6 விநாடிக்கு மேல் என்ற கோட்டை வைத்து. டிமேக்ஸ் செயற்கையாகச் சுருங்கினால் அடைத்திருக்கும் ரத்தக்கட்டியை எடுக்க வேண்டிய ஒருவர் பட்டியலிலேயே வராமல் போகலாம். ஒரு பிக்சலின் இடம் அந்த அளவுக்குப் போகும். ஆகவே அடைப்புக்கு முன்னால், அல்லது நல்ல பக்கத்தில் எடுங்கள்.

நேரத்தையும் மறக்காதீர்கள். ஸ்கேன் 45 விநாடியில் நின்றுவிட்டால் சிரை வளைவு இறங்கி முடியும் முன்பே வெட்டுப்படும். வளைவுக்குக் கீழுள்ள பரப்பை வைத்துத் திருத்தும் மென்பொருளில் சிரையின் பரப்பு குறைந்து, தமனி போதுமான அளவு உயராமல், எல்லா எண்களும் பொய்யாக ஏறும். மெதுவாக நிரம்பும் பகுதியின் வளைவும் பாதியில் அறுபடுவதால் அங்கே மட்டும் சிபிவி குறைந்து கோர் பெரிதாகத் தெரியலாம். 60 முதல் 70 விநாடி வரை எடுப்பது நல்லது, இதயம் பலவீனமானவர்களுக்கு இன்னும் கூட.

சப்அரக்னாய்டு ரத்தக்கசிவுக்குப் (மூளையைச் சுற்றியுள்ள இடத்தில் கசிவு) பின் ஸ்பாஸம் (தமனிச் சுருக்கம்) தேடி அடுத்தடுத்து எடுக்கும் ஸ்கேன்களில் ஒவ்வொரு முறையும் ஒரே குழாயை எடுங்கள். இல்லையென்றால் எண் மாறியது மூளையாலா உங்கள் தேர்வாலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் ஏ2வே சுருங்கியிருந்தாலோ பக்கத்தில் அறுவையில் போட்ட உலோகக் கிளிப் இருந்தாலோ அதை விட்டுவிட்டு வேறு குழாய்க்குப் போய்விடுங்கள். வளைவுப் படத்தையும் குழாய் எடுத்த இடத்தையும் வண்ணப் படங்களோடு சேர்த்தே சேமித்து வையுங்கள், அடுத்த ஸ்கேனைப் பார்ப்பவர் நீங்களாக இருக்க வேண்டும் என்று இல்லை.