பகிரும் முன் சரிபார்த்தல்: மாணவர்களுக்கான வகுப்பறைச் செய்முறை

உறுதி செய்யாத செய்தியைப் பரப்பலாமா என்று எந்த வகுப்பில் கேட்டாலும் ‘கூடாது’ என்றே பதில் வரும். அன்று மாலையே அதே வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் அப்படியொரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கும். விதி மாணவர்களுக்குத் தெரியும். சந்தேகம் எழும் நேரத்தில் எதைத் திறந்து, எதைத் தட்டச்சு செய்து, எதைக் கவனிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கைக்குப் பழகவில்லை. ஆகவே, பொறுப்புள்ள இணையப் பயன்பாடு என்ற பாடத்தை அறிவுரைப் பட்டியலாக நடத்துவதை விட்டுவிட்டு, கீழ்க்காணும் பயிற்சியாக மாற்றிக்கொண்டேன். இணைய இணைப்புள்ள ஒரு கணினியும் ஒரு புரொஜெக்டரும் இருந்தால் போதும்.

படி 1: செய்திகளைத் திரட்டுதல்

மூன்று செய்திகள் தேவை: உண்மையானது ஒன்று, பொய்யானது ஒன்று, உண்மையான படத்துக்குப் பொய்யான விளக்கம் சேர்த்தது ஒன்று. மூன்றாவது வகையைத் தவிர்க்கவே கூடாது, ஏனெனில் மாணவர்கள் அதிகம் ஏமாறுவது அதில்தான். அப்போது சூடாக விவாதிக்கப்படும் அரசியல் செய்தியை எடுக்க வேண்டாம். வகுப்பு இரு அணியாகப் பிரிந்து, சரிபார்த்தல் மறந்துபோகும். ஸ்கிரீன்ஷாட்டில் அனுப்பியவரின் பெயர், எண், முகப்புப் படம் ஆகியவற்றை முழுமையாக மறைத்துவிடுங்கள். பிறர் அந்தரங்கத்தை மதிக்கச் சொல்லும் பாடத்தில் ஒருவருடைய தொலைபேசி எண் திரையில் தெரிவது முறையாகாது.

படி 2: முதலில் எழுதச் சொல்லுதல்

ஒவ்வொரு செய்தியையும் காட்டி, நம்புகிறார்களா, ஏன் என்று ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். விவாதம் வேண்டாம். ‘லோகோ இருக்கிறது’, ‘முகவரிக்கு அருகில் பூட்டுக் குறி இருக்கிறது’, ‘நிறையப் பேர் அனுப்பியிருக்கிறார்கள்’ என்பன போன்ற காரணங்கள் வரும். அந்தத் தாள்களை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: பக்கத்தை விட்டு வெளியேறுதல்

எனக்கு அதிக நேரம் பிடித்த படி இதுதான். நீங்களும் இங்கே அவசரப்படாதீர்கள்.

ஒரு தளம் நம்பகமானதா என்று கேட்டால், மாணவர்கள் அந்தத் தளத்துக்குள்ளேயே மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பார்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், 10 வரலாற்று அறிஞர்களும் 10 தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்களும் 25 இளங்கலை மாணவர்களும் இணையத் தளங்களை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்று ஒப்பிட்டார்கள். அழகான வடிவமைப்பிலும் அதிகாரபூர்வமாகத் தோன்றும் பெயரிலும் அறிஞர்களே பலர் மயங்கியபோது, சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நெடுநேரம் தங்காமல் புதிய டேப்களைத் திறந்து, அந்தத் தளத்தைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். வகுப்பில் பழக்க வேண்டியது இந்த அசைவைத்தான்: புதிய டேப், அதில் தளத்தின் பெயர், பிறகு மற்றவர்களின் கூற்று.

பூட்டுக் குறியைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுங்கள். இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது, அதாவது நாம் அனுப்புவதை இடையில் பிறர் படிக்க முடியாது என்பது மட்டுமே அதன் பொருள். மோசடித் தளமும் அதைப் பெற முடியும். மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால்தான் குரோம் உலாவி 2023இல் அந்தக் குறியையே மாற்றியது.

அடுத்த சிக்கல் தேடும் விதத்தில் வருகிறது. மாணவர் முழுச் செய்தியையும் அப்படியே தேடல் பெட்டியில் ஒட்டுவார். அதே வதந்தியின் பிரதிகள் வரிசையாக வந்து நிற்கும். ‘இத்தனை தளங்கள் சொல்கின்றனவே’ என்று அவர் முன்பைவிட உறுதியாக நம்பிவிடுவார். இதற்கு இரண்டு பழக்கங்கள் உதவுகின்றன. செய்தியில் யார், எங்கே, எப்போது என்பவற்றை மட்டும் பிரித்தெடுத்து அந்தச் சொற்களால் தேடச் சொல்லுங்கள். பிறகு, வந்த முடிவுகளை அருகருகே வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே வாக்கியம் ஒரே எழுத்துப்பிழையோடு மூன்று தளங்களில் இருந்தால், அவற்றை மூன்று சாட்சிகளாகக் கொள்ளக் கூடாது, ஒன்றாகவே எண்ண வேண்டும். ஒரு ‘ன’கரப் பிழை மூன்று இடங்களிலும் அப்படியே இருப்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்கும்போது, நீண்ட விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

படி 4: படத்தின் பழைய முகவரி

படத்தில் இருக்கும் இடத்தை அடையாளம் காணக் கூகுள் லென்ஸ் சிறந்தது. ஆனால் வகுப்பில் காட்ட, ஒரு படத்தைக் கொடுத்தால் அது இணையத்தில் வேறெங்கெல்லாம் இருக்கிறது என்று தேடித் தரும் டின்ஐ (TinEye) தளத்தையே நான் விரும்புகிறேன், ஏனெனில் அதில் முடிவுகளைப் பழையதிலிருந்து வரிசைப்படுத்தலாம். ‘நேற்று நடந்தது’ என்று வந்த படம் பல ஆண்டுகளுக்கு முன்பே இணையத்தில் இருந்தது ஒரே சொடுக்கில் தெரிந்துவிடும். அங்கே காட்டப்படும் நாள், அந்தத் தளம் படத்தை முதலில் கண்ட நாளே தவிர, படம் எடுக்கப்பட்ட நாள் அன்று என்பதையும் சொல்லுங்கள். எந்த முடிவும் கிடைக்காவிட்டால் படம் உண்மை என்று ஆகிவிடாது. செயற்கை நுண்ணறிவு புதிதாக உருவாக்கிய படத்துக்குப் பழைய பிரதி இருக்காது. செயற்கைப் படங்களைக் கண்டறிவதாகச் சொல்லும் கருவிகளை நான் வகுப்பில் பயன்படுத்துவதில்லை. அவை தரும் விழுக்காட்டை மாணவர்கள் தீர்ப்பாகவே எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 5: தங்கள் படம் சொல்வது

கைபேசி கேமராவில் இருப்பிடப் பதிவை இயக்கி, பள்ளி வளாகத்தின் திறந்த வெளியில் ஒரு மரத்தையோ பலகையையோ படமெடுங்கள். அந்தக் கோப்பின் விவரங்களைத் திறந்து, அதிலுள்ள அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை வரைபடத்தில் இட்டுக் காட்டுங்கள். வீட்டில் எடுத்த படங்களை இதற்குப் பயன்படுத்தவே கூடாது.

பிற்சேர்க்கை: இதைச் செய்து பார்த்த ஆசிரியர் ஒருவர், கணினியில் இருப்பிடம் தெரியவே இல்லை என்று எழுதியிருந்தார். படத்தை அவர் வாட்ஸ்அப் வழியாக வழக்கம்போல் அனுப்பியிருந்தார். அப்படி அனுப்பும்போது அந்தத் தகவல் நீக்கப்பட்டுவிடுகிறது. அதே படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பினால் அசல் கோப்பு தகவல்களோடு அப்படியே போகும். இந்த வேறுபாட்டையும் மாணவர்களுக்குக் காட்டுவது நல்லது.

படி 6: ஏற்கெனவே அனுப்பிவிட்டால்

இரண்டாம் படியில் வாங்கிய தாள்களைத் திருப்பிக் கொடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு திருத்தச் செய்தி எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனைவருக்குமாக அழிக்கும் வசதிக்குச் சுமார் இரண்டரை நாள் வரம்பு உண்டு. அதற்குள் அழித்தாலும், வாசித்தவர்கள் மனத்திலும் எடுக்கப்பட்ட ஸ்கிரீன்ஷாட்டிலும் செய்தி இருக்கும். ஆகவே அழிப்பதோடு, எந்தக் குழுவில் அனுப்பினார்களோ அங்கேயே திருத்தத்தையும் இட வேண்டும்.

பலர் கேட்ட கேள்வி: அனுப்பியவர் வீட்டுப் பெரியவராக இருந்தால் மாணவர் என்ன செய்வது? குழுவில் எல்லோர் முன்னும் மறுக்காமல், தனியாக எழுதச் சொல்கிறேன். ‘இது பொய்’ என்று தொடங்காமல், ‘மாமா, நீங்கள் அனுப்பிய படத்தின் பழைய பதிவு ஒன்று கிடைத்தது, இணைப்பைப் பாருங்கள்’ என்று எழுதி, இணைப்பைச் சேர்த்தால் போதும். பெரும்பாலான பெரியவர்கள் தாங்களே குழுவில் திருத்திவிடுகிறார்கள்.